மல்டிபாத்: வேகமான பாதைக்கு முன்னுரிமை கொடுத்தும் பாதி ஐஓ (வட்டில் படிப்பதும் எழுதுவதும்) மெதுவான பாதையில் போகிறது

1. கம்பிவடம்

வணக்கம். இரண்டு நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

ஒரு லினக்ஸ் சர்வரில் டேட்டாபேஸ் ஓடுகிறது. அதற்கான வட்டு இன்னொரு லினக்ஸ் பெட்டியில் இருக்கிறது. அதை எல்ஐஓ (லினக்ஸ் கர்னலிலேயே உள்ள ஸ்டோரேஜ் சர்வர்) மூலம் ஐஸ்கஸி டார்கெட்டாக, அதாவது நெட்வொர்க் வழியே எட்டும் வட்டாகக் கொடுத்திருக்கிறேன். நடுவே இரண்டு வழி. ஒன்று ஸ்டோரேஜுக்கென்றே போட்ட 25ஜி லிங்க். மற்றது நிர்வாக நெட்வொர்க்கில் போகும் 1ஜி லிங்க். 25ஜி ஸ்விட்ச் படுத்துவிட்டால் ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகிவிடக் கூடாது, ஊர்ந்தாவது போகட்டும் என்றுதான் 1ஜியையும் சேர்த்தேன். டார்கெட் பெயர் ஒன்றே, போர்ட்டல் (ஐபி முகவரி) மட்டும் இரண்டு. இரண்டு வழியையும் ஒரே வட்டாகச் சேர்ப்பது மல்டிபாத்.

'மல்டிபாத் -எல்எல்' அடித்தால் இரண்டு பாதையும் ஒரே குழுவில் நிற்கின்றன, குழுவின் ப்ரயோ (முன்னுரிமை எண்) 50. 25ஜி மட்டும் இருக்கும்போது வினாடிக்கு 1,400 எம்பி வரை படித்த வட்டு, இரண்டும் சேர்ந்தால் 220 எம்பியைத் தாண்ட மறுக்கிறது. பாதை கூடினால் வேகம் குறையுமா?

கான்ஃபிக் கோப்பில் டிஃபால்ட்ஸ் பகுதியில் ப்ரயோவை 'வெயிட்டட்பாத்' என்று மாற்றி, 25ஜி பாதைக்கு 50, 1ஜிக்கு 10 என்று ப்ரயோ_ஆர்க்ஸில் கொடுத்தேன். மல்டிபாத்டியை (மல்டிபாத்தின் பின்னணி நிரலை) ரீலோடு செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டுக்கும் அதே 50.

2. கர்னல்கிறுக்கன்

220 என்ற எண்ணை உற்றுப் பாருங்கள். 1ஜி லிங்க் நடைமுறையில் கொடுப்பது வினாடிக்கு ஏறக்குறைய 110 எம்பி. உங்களுக்கு வருவது சரியாக அதன் இரட்டிப்பு. பாத் செலக்டர் 'ரவுண்ட்-ராபின்' என்று இருக்கிறதா பாருங்கள். இதற்கு ஒன்று, அதற்கு ஒன்று என்று அது மாற்றி மாற்றிப் பரிமாறும். 1ஜியில் போன கோரிக்கை முடியும்வரை 25ஜி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். குதிரையையும் ஆமையையும் ஒரே நுகத்தில் பூட்டினால் வண்டி ஆமை வேகத்தில்தான் போகும்.

3. கம்பிவடம்

அடித்துச் சொன்ன மாதிரி இருக்கிறது. ரவுண்ட்-ராபின்தான். இந்தக் கோப்பு எங்கள் பழைய சர்வர் ஒன்றிலிருந்து அப்படியே காப்பி அடித்தது. 'சர்வீஸ்-டைம்' என்று மாற்றினேன், 600 எம்பிக்கு மேலே ஏறியது. ஆனால் டேட்டாபேஸ் அவ்வப்போது திக்குகிறது. சில வினவல்கள் சட்டென்று முடிகின்றன, சில காரணமே இல்லாமல் இழுக்கின்றன.

4. பாதைக்காரி

சர்வீஸ்-டைம் கைவசம் நிலுவையில் உள்ள பைட்டுகளைப் பார்த்துப் பாதை தேர்கிறது. மெதுவான பாதையில் நிலுவை சேரச் சேர அதற்குக் குறைவாகக் கொடுக்கும். குறைவாகத்தான், கொடுக்காமல் விடாது. அதில் மாட்டிக்கொண்ட கோரிக்கைதான் உங்கள் 'இழுக்கும்' வினவல். செலக்டரை மாற்றுவது மருந்து இல்லை. இரண்டு பாதையும் ஒரே குழுவில் இருக்கவே கூடாது.

முன்னுரிமை என்ற சொல்லே பலரையும் திசை திருப்பிவிடுகிறது. கர்னலுக்கு 50, 10 என்ற எண்கள் தெரியவே தெரியாது. அந்த எண்ணைக் கணக்கிடுவது யூசர்ஸ்பேஸில் (கர்னலுக்கு வெளியே) இருக்கும் மல்டிபாத்டி. அது எண்ணை வைத்துப் பாதைகளைக் குழுவாகக் கட்டி, குழுக்களை வரிசைப்படுத்தி, அந்த வரிசையை மட்டும் டிவைஸ்-மேப்பர் அட்டவணையாகக் கர்னலிடம் கொடுக்கிறது. 'டிஎம்செட்அப் டேபிள்' அடித்துப் பாருங்கள், முன்னுரிமை எண் எங்கேயும் தென்படாது. கர்னலுக்குத் தெரிந்ததெல்லாம், முதல் குழுவை உபயோகி, அதில் எல்லாப் பாதையும் செத்தால் அடுத்த குழுவுக்குப் போ என்பதுதான். குழுவுக்கு உள்ளே யாருக்கு எவ்வளவு என்பதைச் செலக்டர் பார்த்துக்கொள்ளும்.

ஆக 50 என்பது 10-ஐவிட ஐந்து மடங்கு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 50-ம் 49-ம் இருந்தாலும் இதே விளைவுதான். எண் வேறாக இருந்தால் வேறு குழு, பெரிய எண் முன்னால். அவ்வளவே.

அதுவும் பாத்_குரூப்பிங்_பாலிசி 'குரூப்_பை_ப்ரயோ' என்றிருந்தால். 'மல்டிபஸ்' என்றிருந்தால் எல்லாம் ஒரே குழு, எண் வீண். 'ஃபெயில்ஓவர்' என்றால் ஒவ்வொரு பாதையும் தனித் தனிக் குழு, எண் வரிசைக்கு மட்டும் உதவும். ஒரு குழுவில் வெவ்வேறு எண்கள் கலந்தால் குழுவின் எண் அவற்றின் சராசரி.

இனி, நீங்கள் எழுதியது ஏன் எடுபடவில்லை? இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

டிஃபால்ட்ஸ் என்பது அடிமட்டம். மல்டிபாத்துக்குள்ளேயே சாதன மாடல்வாரியாக ஒரு பட்டியல் பொதிந்திருக்கிறது. உங்கள் சாதனம் அதில் இருந்தால் டிஃபால்ட்ஸில் எழுதியதை அது மேலே ஏறி மிதித்துவிடும். டிவைசஸ் பகுதியில் எழுதினால் அந்தப் பட்டியலுக்கு மேல். ஓவர்ரைட்ஸ் அதற்கும் மேல். குறிப்பிட்ட ஒரு டபிள்யுடபிள்யுஐடிக்கு (வட்டின் தனி அடையாளத்துக்கு) மட்டும் என்றால் மல்டிபாத்ஸ் பகுதி எல்லாவற்றுக்கும் மேல்.

பெரிய வில்லன் இன்னொன்று: 'டிடெக்ட்_ப்ரயோ'. இது இயல்பாகவே 'யெஸ்'. சாதனம் அலுவா (எந்த வழி நல்லது என்று டார்கெட்டே சொல்லும் ஸ்கஸி முறை) தெரிந்தது என்று கண்டுபிடித்துவிட்டால், நீங்கள் எந்த ப்ரயோ எழுதியிருந்தாலும் சட்டை செய்யாமல் 'சிஸ்எஃப்எஸ்' அல்லது 'அலுவா' என்பதை அதுவாகவே எடுத்துக்கொள்ளும். மல்டிபாத்ஸ் பகுதியில் எழுதியிருந்தாலும் இதே கதிதான். எல்ஐஓ அலுவா பேசும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லா வழியையும் 'ஆக்டிவ்/ஆப்டிமைஸ்டு' என்று சொல்லும். அதன் எண் 50. இரண்டு பாதைக்கும் 50 வந்த கதை இதுதான். 'மல்டிபாத் -வி3' ஓடவிட்டுப் பாருங்கள், ப்ரயோ எங்கிருந்து வந்தது என்று அதில் எழுதியிருக்கும். தானாகக் கண்டறிந்தது என்று இருந்தால் நான் சொன்னது சரி.

5. கம்பிவடம்

அதேதான்! தானாகக் கண்டறிந்தது என்றே இருக்கிறது. இத்தனை நாள் மல்டிபாத்டி சிரித்துக்கொண்டே என் கோப்பைப் படித்திருக்கிறது போல.

ஓவர்ரைட்ஸில் டிடெக்ட்_ப்ரயோ 'நோ', ப்ரயோ வெயிட்டட்பாத், குரூப்_பை_ப்ரயோ, ஃபெயில்பேக் 'இம்மீடியட்' என்று போட்டேன். ஆர்க்ஸ் எச்பிடிஎல் (ஹோஸ்ட்:பஸ்:டார்கெட்:லன் எண்கள்) வகை: 7-ஆம் ஹோஸ்டுக்கு 50, 8-ஆம் ஹோஸ்டுக்கு 10. இப்போது இரண்டு குழு. 25ஜி மேலே 'ஆக்டிவ்', 1ஜி கீழே 'எனேபிள்டு'. 1,400 திரும்ப வந்துவிட்டது. திக்கலும் போய்விட்டது. பாதைக்காரிக்குக் கோடி நன்றி. இழையை மூடிவிடலாம்.

6. இரவுப்பணி

மூட வேண்டாம். எச்பிடிஎல் போட்டிருக்கிறீர்கள். சர்வரை ஒருமுறை ரீபூட் செய்துவிட்டு வந்து பேசுங்கள்.

7. பழையபெட்டி

ஒரு சின்ன இடைச்செருகல். ஏஐஎக்ஸிலிருந்து (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) வருகிறவர்கள் கவனம். அங்கே எம்பிஐஓவில் (அதன் மல்டிபாத்தில்) பாதைக்கு முன்னுரிமை வைப்பது தலைகீழ்: ஃபெயில்_ஓவர் அல்காரிதத்தில் 1 என்பதுதான் உச்சம், 255 கடைசி. அதே ஏஐஎக்ஸில் ரவுண்ட்_ராபின் வைத்தால் அந்த எண் பங்கு விகிதமாக மாறிவிடும், பெரிய எண்ணுக்குப் பெரிய பங்கு. நான் 'சிஎச்பாத்' அடித்தே பல வருஷம் ஓட்டியவன். லினக்ஸுக்கு வந்த முதல் வாரம் நல்ல பாதைக்கு 1, மோசமான பாதைக்கு 100 என்று வைத்துவிட்டு, எல்லாம் சரி என்று கிளம்பிப் போனேன். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

8. கம்பிவடம்

@இரவுப்பணி, உங்கள் வாய் முகூர்த்தம். ரீபூட் செய்தேன். 1ஜி பாதை 50, 25ஜி பாதை 10. தலைகீழாகிவிட்டது. கோப்பில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

9. இரவுப்பணி

ஐஸ்கஸியில் ஒவ்வொரு செஷனும் உள்ளே வரும்போது புதிதாக ஒரு ஸ்கஸி ஹோஸ்ட் எண் வாங்கும். எது முதலில் லாகின் ஆகிறதோ அதற்குச் சின்ன எண். நேற்று 25ஜி முந்தியது, 7 கிடைத்தது. இன்று 1ஜி முந்திக்கொண்டது. லாக்-அவுட் செய்து லாகின் செய்தால்கூட எண் மாறலாம். ஃபைபர் சேனல் எச்பிஏ (ஸ்டோரேஜ் கார்டு) என்றால் ஓரளவு நிலையாக இருக்கும், அங்கேயும் கார்டு மாற்றினால் போச்சு. 'டெவ்நேம்' (வட்டின் சாதனப் பெயர்) வகையும் இப்படித்தான்: இன்றைய எஸ்டிபி நாளைய எஸ்டிசி.

வெயிட்டட்பாத்தில் மீதம் இருப்பது 'சீரியல்', 'டபிள்யுடபிள்யுஎன்'. சீரியல் உங்களுக்கு உதவாது, ஒரே வட்டின் இரண்டு பாதைக்கும் ஒரே சீரியல்தான். டபிள்யுடபிள்யுஎன் வகையில் ஐஸ்கஸிக்கு டார்கெட் பெயரைக் கொண்டு பொருத்தலாம். உங்களுக்கு இரண்டு போர்ட்டலுக்கும் ஒரே டார்கெட் பெயர் என்பதால் அதுவும் பிரித்துக் காட்டாது. டார்கெட்டை இரண்டாகப் பிரியுங்கள். 25ஜிக்கு ஒரு பெயர், 1ஜிக்கு வேறு பெயர், இரண்டும் அதே பேக்ஸ்டோரை (பின்னால் உள்ள நிஜ வட்டை) காட்டட்டும். டபிள்யுடபிள்யுஐடி ஒன்றாகவே இருக்கும், மல்டிபாத் இரண்டையும் ஒரே வட்டாகச் சேர்த்துக்கொள்ளும். பிறகு பெயரை வைத்து எண் கொடுங்கள். ரீபூட் ஆனாலும் பெயர் மாறாது.

10. பாதைக்காரி

எச்பிடிஎல்லை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும், என் தவறு.

ஆனால் @இரவுப்பணி சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் எந்த வழி நல்ல வழி என்ற உண்மை ஒவ்வொரு சர்வரின் கோப்பிலும் தனித் தனியாக எழுதப்பட்டிருக்கும். இன்று ஒரு சர்வர். நாளை பேக்கப் சர்வர் ஒன்று இதே லன்னை (டார்கெட் காட்டும் வட்டை) ஏற்றும். அங்கே யாராவது டிடெக்ட்_ப்ரயோவை மறந்தால் திரும்ப 50-50.

உண்மை தெரிந்தவர் டார்கெட். அவரே சொல்லட்டும். அலுவா இருப்பதே அதற்குத்தான். எல்ஐஓவில் ஒரே டார்கெட் பெயருக்குக் கீழே இரண்டு டிபிஜி (டார்கெட் போர்ட்டல் குரூப்) வையுங்கள். முதல் டிபிஜியில் 25ஜி போர்ட்டல், இரண்டாவதில் 1ஜி போர்ட்டல். இரண்டிலும் அதே பேக்ஸ்டோர் லன்னாக வரட்டும். பேக்ஸ்டோருக்குக் கீழே அலுவா என்ற கிளையில் ஒரு புதிய குழு உண்டாக்கி, அதன் ஆக்சஸ் ஸ்டேட்டை 1 என்று வையுங்கள். 0 என்றால் ஆப்டிமைஸ்டு, 1 என்றால் நான்-ஆப்டிமைஸ்டு, 2 ஸ்டாண்ட்பை. இரண்டாவது டிபிஜியின் லன்னை அந்தக் குழுவில் சேருங்கள். சேவ்கான்ஃபிக் அடிக்க மறக்காதீர்கள்.

பிறகு சர்வர் பக்கம் நீங்கள் சேர்த்த வெயிட்டட்பாத், டிடெக்ட்_ப்ரயோ எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். நான்-ஆப்டிமைஸ்டுக்கு எண் 10. குரூப்_பை_ப்ரயோ இரண்டு குழுவாகத் தானே பிரிக்கும்.

பெரிய அர்ரேக்களிலும் இதே கணக்குதான். லன்னுக்குச் சொந்தக்காரக் கன்ட்ரோலரின் போர்ட்டுகள் 50, பக்கத்துக் கன்ட்ரோலரின் போர்ட்டுகள் 10, ஸ்டாண்ட்பை 1. நான்-ஆப்டிமைஸ்டு பாதைக்கு 'விருப்பப் பாதை' என்ற பிட்டும் சேர்ந்துவிட்டால் 80 கூடி 90 ஆகும். 90-ஐப் பார்த்தால் யாரோ கையால் திருத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

11. இரவுப்பணி

ஒப்புக்கொள்கிறேன், டார்கெட் நம் கையில் இருந்தால். பல இடங்களில் ஸ்டோரேஜ் வேறு அணியின் கையில் இருக்கும். ஒரு பிட் மாற்ற மூன்று வாரம் டிக்கெட் ஓடும். அங்கே வெயிட்டட்பாத்தான் கதி. இவருக்கு இரண்டு பெட்டியும் இவருடையது என்பதால் உங்கள் வழியே நல்லது.

12. புதியவன்22

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1ஜியை ஏன் வீணாகச் சும்மா வைக்க வேண்டும்? ஆர்ஆர்_வெயிட் என்பதை 'ப்ரயாரிட்டீஸ்' என்று வைத்தால், எண் விகிதத்தில் பிரித்துக் கொடுக்கும் என்று படித்தேன். 25ஜிக்கு 25, 1ஜிக்கு 1 என்று வைத்தால் இரண்டையும் சேர்த்து உபயோகிக்கலாமே?

13. கர்னல்கிறுக்கன்

தம்பி, படித்தது சரிதான், படித்த காலம்தான் பழசு. அந்த அமைப்பு ஒரு பாதையில் தொடர்ந்து எத்தனை கோரிக்கை போகலாம் என்ற எண்ணிக்கையை முன்னுரிமையால் பெருக்கிக் கர்னலுக்குக் கொடுக்கும். புதிய கர்னல்களில் அந்த எண்ணிக்கை 1-ஐத் தாண்டினால், இது வழக்கொழிந்தது, 1 என்றே எடுத்துக்கொள்கிறேன் என்று லாகில் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு 1 என்றே வைத்துக்கொள்ளும். ஆக நீங்கள் 25 என்றாலும் 250 என்றாலும் மாற்றி மாற்றி ஒன்றுதான். முதல் பதிவில் இருந்த 220 எம்பிக்கே திரும்பப் போய்ச் சேர்வீர்கள்.

அப்படியே வேலை செய்தாலும் மிச்சம் என்ன? 25-உடன் 1 சேர்ந்தால் நூற்றுக்கு நான்கு. அதற்காக 26 கோரிக்கைக்கு ஒன்று தாமதமாகும். டேட்டாபேஸுக்கு அந்த ஒன்றுதான் தலைவலி.

14. பழையபெட்டி

எனக்கு வேறு சந்தேகம். அந்த 1ஜி பாதையே தேவையா? நோ_பாத்_ரீட்ரை கொஞ்சம் கூட்டி வைத்தால் ஸ்விட்ச் திரும்ப எழும்வரை ஐஓ வரிசையில் காத்திருக்குமே. பாதை குறைந்தால் சிக்கலும் குறையும்.

15. கம்பிவடம்

யோசித்தேன் அண்ணே. போலிங் இடைவெளி 5 விநாடி, ரீட்ரை 12 என்று வைத்தால் ஒரு நிமிடம் தாங்கும். ஸ்விட்ச் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? 'கியூ' என்று வைத்தால் காலவரையறை இல்லாமல் நிற்கும், சர்வரை நிம்மதியாக ஷட்டவுன்கூடச் செய்ய முடியாது. ஊர்ந்து போகும் டேட்டாபேஸ் உறைந்து நிற்கும் டேட்டாபேஸைவிட மேல் என்பது என் கட்சி.

அலுவா வழியை இன்று இரவு செய்து பார்க்கிறேன்.

16. கம்பிவடம்

செய்தேன். பாதி வெற்றி.

வெற்றிப் பாதி: சர்வரில் நான் சேர்த்த வெயிட்டட்பாத், டிடெக்ட்_ப்ரயோ வரிகளைத் தூக்கிவிட்டேன். குரூப்_பை_ப்ரயோவையும் ஃபெயில்பேக்கையும் மட்டும் விட்டுவைத்தேன். இரண்டு குழு, 50-ம் 10-ம். மூன்று முறை ரீபூட் செய்தேன், லாகின் வரிசையைக்கூட மாற்றிப் பார்த்தேன். அசையவில்லை.

பிறகு 25ஜி வடத்தைப் பிடுங்கினேன். இரண்டு கோளாறு.

முதலாவது, ஐஓ 1ஜிக்கு மாறுவதற்குள் 2 நிமிடம் 10 விநாடி ஓடிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குள் அப்ளிகேஷன் பக்கம் ஒரே ஓலம்.

இரண்டாவது, மாறிய பிறகும் 110 எம்பி வரவில்லை. 10-ஐக்கூடத் தொடவில்லை. 1ஜி லிங்க்கைத் தனியாக நெட்வொர்க் சோதனை செய்தால் முழு வேகம் வருகிறது. ஐஓஸ்டாட்டில் அவெய்ட் நெடுவரிசை (ஒரு கோரிக்கை முடிய ஆகும் சராசரி மில்லிவிநாடி) 100, 101, 100 என்று ஒரே சீராக நிற்கிறது. டார்கெட் பக்கம் வட்டும் சிபியுவும் சும்மா இருக்கின்றன.

17. கர்னல்கிறுக்கன்

முதல் கோளாறு: 10 விநாடி + 120 விநாடி. ஐஸ்கஸி 5 விநாடிக்கு ஒருமுறை நோப் (உயிரோடு இருக்கிறாயா என்ற சோதனைச் செய்தி) அனுப்பும், பதிலுக்கு இன்னொரு 5 விநாடி பார்க்கும். அதில் லிங்க் செத்தது தெரிந்துவிட்டது. பிறகு செஷன் மீளுமா என்று ரீபிளேஸ்மென்ட்_டைம்அவுட் அளவுக்குக் காத்திருக்கும். அதன் இயல்பு மதிப்பு 120. ஒரே பாதை இருப்பவருக்கு அது நியாயமான பொறுமை. மல்டிபாத் வைத்திருப்பவருக்கு அது தண்டனை.

இப்போதைய மல்டிபாத் தன் ஃபாஸ்ட்_ஐஓ_ஃபெயில்_டிஎம்ஓ மதிப்பை, அதாவது 5-ஐ, ஐஸ்கஸி செஷனிலும் எழுதிவிட வேண்டும். உங்களுக்கு ஏன் எழுதவில்லை? பழைய சர்வரிலிருந்து கொண்டுவந்த அந்தக் கோப்பில் அது 'ஆஃப்' என்று இருக்கிறதா?

18. கம்பிவடம்

இருக்கிறது. 'ஆஃப்'. அந்தக் கோப்பை எழுதியவர் மட்டும் இப்போது என் கையில் கிடைத்தால்...

வரியை நீக்கினேன். செஷனின் ரிகவரி_டிஎம்ஓ இப்போது 5 காட்டுகிறது. வடத்தைப் பிடுங்கினால் 15 விநாடிக்குள் மாறிவிடுகிறது.

இரண்டாவது இன்னும் அப்படியே. அவெய்ட் 100.

19. இரவுப்பணி

100 மில்லிவிநாடி இவ்வளவு சீராக வந்தால் அது நெரிசல் இல்லை. நெரிசல் ஏறி இறங்கும். யாரோ எண்ணி வைத்துத் தூங்குகிறார்கள்.

20. பாதைக்காரி

தூங்குவது எல்ஐஓ. எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

எல்ஐஓவில் ஒவ்வொரு அலுவா குழுவுக்கும் 'நான்ஆப்_டிலே_எம்செக்ஸ்' என்று ஒரு பண்பு உண்டு. அந்தக் குழு நான்-ஆப்டிமைஸ்டு நிலையில் இருந்தால், கட்டளைக்கு அவ்வளவு மில்லிவிநாடி வேண்டுமென்றே தாமதம் சேர்க்கும். இயல்பு மதிப்பு 100. இந்தப் பாதை உனக்கில்லை, அந்தப் பக்கம் போ என்று இனிஷியேட்டருக்கு (வட்டை உபயோகிக்கும் சர்வருக்கு) முதுகில் தட்டிச் சொல்வதற்கு அது. அந்தப் பக்கம் செத்துக் கிடக்கிறது என்பது எல்ஐஓவுக்குத் தெரியாதே.

அந்தக் குழுவில் அதை 0 ஆக்குங்கள்.

21. கம்பிவடம்

0 ஆக்கினேன். வடத்தைப் பிடுங்கினேன். 109 எம்பி. அவெய்ட் லிங்க்கின் வேகத்துக்கு ஏற்றபடி ஏறி இறங்குகிறது. அது ஏறி இறங்குவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

வடத்தைத் திரும்பச் செருகினேன், உடனே 25ஜிக்குத் திரும்பிவிட்டது. ஃபெயில்பேக் இம்மீடியட்.

22. பழையபெட்டி

அந்த இம்மீடியட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது தம்பி. வடம் முழுதாகச் செத்தால் பரவாயில்லை. டிரான்சீவர் பழுதாகி லிங்க் விழுந்து எழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தால்? ஒவ்வொரு முறை எழும்போதும் ஐஓ அங்கே ஓடும், உடனே விழும், திரும்ப 15 விநாடி நிற்கும். ஃபெயில்பேக்கில் ஒரு எண் கொடுக்கலாம், 60 என்று வையுங்கள். எழுந்தபின் ஒரு நிமிடம் கழித்தே திரும்பும்.

ஒரே லன்னைப் பல சர்வர்கள் ஏற்றியிருக்கும் கிளஸ்டரில், கன்ட்ரோலர்களுக்கு நடுவே லன் பந்து மாதிரி அடிபடாமல் இருக்க 'ஃபாலோஓவர்' என்றொரு வகையும் உண்டு. உங்களுக்கு அது வேண்டாம்.

23. கர்னல்கிறுக்கன்

60-க்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். ஒன்று மட்டும். ஃபெயில்பேக்கின் இயல்பு மதிப்பு 'மேனுவல்'. அந்த வரியே இல்லாவிட்டால் ஐஓ 1ஜியிலேயே குடியேறிவிடும். எண்கள் எல்லாம் சரியாக 50, 10 என்று காட்டும், ஆனால் 'ஆக்டிவ்' என்று நிற்பது 10. முன்னுரிமை வேலை செய்யவில்லை என்று வருகிற புகார்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

முழுதாகச் சாகாமல் பிழை மட்டும் கக்கும் பாதைக்கு ஃபெயில்பேக் போதாது. மார்ஜினல்_பாத் அமைப்புகளைப் பாருங்கள். மார்ஜினல்_பாத்குரூப்ஸ் இயக்கினால், சந்தேகத்துக்குரிய பாதை அதன் எண் 50 ஆக இருந்தாலும் தனிக் குழுவாகக் கடைசிக்குத் தள்ளப்படும்.

24. புதியவன்22

இதே வேலையை என்விஎம்இ ஓவர் டிசிபியில் (ஐஸ்கஸி மாதிரியே நெட்வொர்க் வழியே வட்டு தரும் இன்னொரு முறை) செய்தால் எப்படி? அங்கேயும் இந்தக் கோப்புதானா?

25. பாதைக்காரி

கர்னலின் சொந்த என்விஎம்இ மல்டிபாத் ஓடினால் இந்தக் கோப்பை அது திறந்தே பார்க்காது. அங்கே அலுவாவுக்குப் பதில் ஏஎன்ஏ. சப்சிஸ்டம் (அங்கே டார்கெட்டின் இடத்தில் இருப்பது) சொல்லும் நிலைதான் சட்டம்: ஆப்டிமைஸ்டு இருந்தால் அது, இல்லாவிட்டால் நான்-ஆப்டிமைஸ்டு. நீங்கள் தேர்ந்தெடுக்கக்கூடியது ஐஓபாலிசி மட்டும்: நியூமா, ரவுண்ட்-ராபின், புதிய கர்னல்களில் கியூ-டெப்த். வெயிட்டட்பாத் மாதிரி கையால் எண் எழுதும் வசதி கிடையாது. டார்கெட் பக்கம் சொல்லிப் பழகிவிட்டால் அங்கே போகும்போது புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை.

26. கம்பிவடம்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பேக்கப் சர்வரையும் அதே லன்னின் ஒரு ஸ்னாப்ஷாட்டில் இணைத்தேன். அந்த பேக்ஸ்டோருக்கும் அலுவா குழு வைத்தேன். சர்வர் பக்கம் ஒன்றையும் தொடவில்லை. முதல் லாகினிலேயே 25ஜி 50, 1ஜி 10 என்று வந்து நின்றது. பாதைக்காரி சொன்னது அப்படியே.

பிறகு வடத்தைப் பிடுங்கினேன். 2 நிமிடம் 10 விநாடி.

அந்தப் பழைய கோப்பு அங்கேயும் இருந்தது.